தூசி தட்டும் முறை

இந்தச் சனிக்கிழமை தூசி தட்டும் முறை என்னுடையது.
டுலூத் நகரில் லுத்தரன் தேவாலயத்து நிலவறை.
மேலே பாடகர் குழுவின் ஒத்திகை.
கீழே, மாதிரி ரயில் சங்கத்தின் மேசைமேல்
எண்பத்தேழில் ஒரு பங்காய்ச் சுருங்கிய எங்கள் ஊர்:
ஏரி, இரும்புத்தாது ஏற்றும் துறைமேடை,
உள்ளங்கை நீள வண்டிகள் நாற்பத்தாறு.

தூரிகையோடு குனிந்தேன்.
முதல் வண்டியிலேயே கை நின்றுவிட்டது.

ஆர்டிஸ் லிண்ட்ஹோம்,
இதில் எது நீ பூசிய தூசி?
எது, பிப்ரவரியில் நீ போன பிறகு
தானாக வந்து படிந்தது?

பகலெல்லாம் பல் மருத்துவக் கூடத்தில்
பொய்ப்பற்களுக்கு நிறம் சேர்த்தவள் நீ.
காபி குடிக்கிற பல், புகை பிடித்த பல்,
ஐம்பது வயதில் ஓரம் மங்கிய பல்.
"வெள்ளைவெளேரென்று இருந்தால்
எவனும் நம்பமாட்டான்" என்பாய்.
அதே நுனி மெலிந்த தூரிகையோடு
மாலையில் இங்கே வந்து
வண்டிகளுக்குத் துருவேற்றினாய்.

துரு மேலிருந்து வழிவதில்லை,
ஆணித்தலையின் அடியிலிருந்து கசியும்.
கதவு உரசும் இடத்தில் மட்டும் இரும்பு மினுங்கும்.
இதையெல்லாம் சரக்கு முற்றத்து வேலிக்கு வெளியே
பனியில் நின்று குறித்துக்கொண்டு வந்தாய்.
காவலாளி இருமுறை விரட்டினான்,
மூன்றாம் முறை காபி கொடுத்தான்.

என் சிவப்புப் பெட்டி வண்டியை
ஒரு வியாழக்கிழமை, என்னைக் கேட்காமல்,
அழுக்காக்கினாய்.
நாற்பத்திரண்டு டாலர். உறை பிரித்து ஒரு வாரம்.
ஈஸ்டர் வரை உன்னோடு பேசவில்லை நான்.
பிறகொரு இரவு, எல்லோரும் போனபின்,
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
கூரையில் நாற்பது ஆண்டு மழை.
பக்கவாட்டில், புதிய கம்பெனியின் பெயருக்கு அடியில்
பழைய கம்பெனியின் பெயர்
தெரிந்தும் தெரியாமலும்.
நான் மன்னிப்புக் கேட்கவில்லை.
நீ எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.
அடுத்த வண்டியை எடுத்து நீட்டினேன், அவ்வளவுதான்.

மனிதப் பொம்மைகளை மட்டும் நீ தொட்டதில்லை.
"வண்டி நிற்கும், வீடு நிற்கும்.
கை தூக்கியபடி ஒருவன்
வருஷக்கணக்கில் நிற்பானா?"
அதனால் எங்கள் ஊரில் ஆளில்லை.
சுவரில் சாய்த்த சைக்கிள் உண்டு,
கொடியில் ஒரு சட்டை உண்டு,
பாதி வாரிய பனியில் செருகிய மண்வெட்டி உண்டு,
இப்போதுதான் உள்ளே போனார்கள் என்பதுபோல.

மார்ச் கூட்டத்தில் டுவேன் எழுந்து
உன் உருவத்தை ரயில்நிலைய மேடையில்
வைக்கலாம் என்றான்.
செயலாளர் என்ற முறையில் எழுதினேன்:
ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு இரண்டு.
(அந்த இரண்டில் ஒன்று நான்.)
பொம்மை தபாலில் வந்தது.
கட்டைவிரல் நகத்தளவு உயரம், சாம்பல் நிற பிளாஸ்டிக்,
கோட்டு, தொப்பி, கையில் ஒரு பை.
சரி, யார் வர்ணம் பூசுவது
என்று யாரோ கேட்டதும்
ஒருவரையொருவர் பார்த்தோம்.
மேலே பியானோ மூடியை இறக்கும் சத்தம்.
முதலில் கிளிஃபோர்ட் சிரித்தான்,
பிறகு எல்லோரும்.
டுவேன் மட்டும் எழுந்துபோய்
வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

அது இன்னும் கருவிப்பெட்டியின் மேல் இழுப்பறையில்,
திருகாணிகளோடு,
சாம்பலாகவே.

மணி பத்து.
தண்டவாளத்தை மட்டும் துடைக்கிறேன்,
மின்சாரம் ஓட வேண்டுமே.
வண்டிகளின் மேல் வாயால்
ஊதக்கூட இல்லை.
குறிப்பேட்டில் 'தூசி தட்டப்பட்டது' என்ற கட்டத்தில்
பொய்யாக ஒரு டிக்,
கையெழுத்து, தேதி.
ஒத்திகை முடிந்து மேலே
நாற்காலிகள் நகர்கின்றன.
அந்த அதிர்வில் கூரையிலிருந்து கொஞ்சம்
உன் துறைமேடையில் இறங்குகிறது.